முதலில் கூரை, பிறகு ஃபேன்: திருகோணமலை வகுப்பறைகளுக்கு விற்கப்படும் குளிர்ச்சிச் சாமான்கள் பற்றி

வைகாசியில் கச்சான் (தென்மேற்கிலிருந்து வீசும் உலர்ந்த வெக்கைக் காற்று) எழும்பினால் திருகோணமலைப் பள்ளிக்கூடங்களின் பெற்றார் கூட்டத்தில் பேச்சு வெக்கையில்தான் வந்து நிற்கும். "இரண்டு ஏசி போடுவோம்" என்பார் ஒருவர். "இன்னும் நாலு ஃபேன் போதும்" என்பார் இன்னொருவர். இதற்கிடையில் வெள்ளை வாளியோடும் வெள்ளிநிற ரோலோடும் விற்பனைக்காரர் அதிபரின் அறை வாசலில் நிற்பார். அந்தச் சாமான்கள் ஒவ்வொன்றும் இந்த ஊர் வகுப்பறையில் என்ன செய்யும், எங்கே காலை வாரும் என்பதே இந்த மதிப்பீடு. விலைகளைப் போடாமல் அளவுகளைப் போட்டிருக்கிறோம். விலை கிழமைக்குக் கிழமை மாறும், அளவு மாறாது.

கணக்குக்கு ஓர் அறையை வைத்துக்கொள்வோம். 25 அடி நீளம், 20 அடி அகலம், அஸ்பெஸ்டஸ் சீற் கூரை, சீலிங் இல்லை, இரண்டு பக்கமும் அரைச்சுவரும் கிறில்லும், உள்ளே 40 பிள்ளைகள். காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடியும் பள்ளிக்கூடம். உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் கண்ணில் படுகிற அறை ஏறக்குறைய இதுதான்.

கூரைதான் அடுப்பு

பகல் பன்னிரண்டு மணி வெயில் சதுர மீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 1000 வாட் கொண்டுவருகிறது. தாவாரம் சேர்த்து அந்த அறையின் கூரை 60 சதுர மீற்றர் வரும். ஆயிரம் வாட் அடுப்பு அறுபதைக் கூரைமேல் பரப்பிவைத்த மாதிரி. பாசி பிடித்துக் கறுத்த பழைய சீற் அதில் முக்கால்வாசியை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியதில் பெரும்பகுதியை வெளிக்காற்று கொண்டுபோய்விடும். மிச்சம் சீற்றின் அடிப்பக்கத்தால் கீழே இறங்கும். 6 மில்லிமீற்றர் சீற்றுக்கு வெயிலைத் தாமதிக்க வைக்கும் தடிப்பு இல்லை. மேலே சுட்டால் சற்று நேரத்தில் கீழேயும் சுடும். நடுப்பகலில் அடிப்பக்கம் 50 பாகையைத் தாண்டிவிடும்.

அரைச்சுவர் வழியே நல்ல காற்று வந்தும் பிள்ளைகளின் உச்சந்தலை காய்வதற்குக் காரணம் இதுதான். அது கதிர்வீச்சு, காற்று அதை அடித்துக்கொண்டு போகாது. சுவரில் தொங்கும் வெப்பமானி 33 காட்டலாம். சுற்றியுள்ள பரப்புகளின் சராசரி 41 என்றால், அசையாத காற்றில் இருக்கிற உடம்புக்கு அது 37 போலத்தான். ஆகவே எந்தச் சாமானையும் வாங்கமுன் அளந்து பாருங்கள். மேசைப்பந்து ஒன்றுக்கு மினுக்கம் இல்லாத கறுப்புப் பெயின்ற் அடித்து, துளையிட்டு, கம்பி நுனி வெப்பமானியை உள்ளே விட்டு, வாங்கில் இருக்கும் பிள்ளையின் தலை உயரத்தில் தொங்கவிட்டால் போதும். பக்கத்தில் சாதாரண வெப்பமானி ஒன்றும் தொங்கட்டும். இரண்டுக்கும் இடையில் மூன்று நான்கு பாகை வித்தியாசம் தெரிந்தால் உங்கள் பிரச்சினை கூரை. வித்தியாசம் ஒரு பாகைக்குள் இருந்தால் கூரைக்குச் செலவழிக்க வேண்டாம், நேரே ஃபேன் பகுதிக்குப் போங்கள்.

சூரியன் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதும் முக்கியம். திருகோணமலை வட அகலாங்கு எட்டரைப் பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் மத்தியானச் சூரியன் வடக்குப் பக்கம்தான். தெற்குச் சுவரை மறைக்கச் சொல்லும் வெளிநாட்டு வழிகாட்டிகள் நம் வெக்கைக் காலத்துக்கு உதவாது. வடக்குப் பக்கத்திலும் பயப்பட அவ்வளவு இல்லை. ஆனி மாதத்தில்கூட மத்தியானச் சூரியன் 75 பாகை உயரத்தில் நிற்பதால் மூன்றடித் தாவாரமே சுவரை மூடிவிடும். மேற்கு வெயிலுக்கு முன் பள்ளிக்கூடம் விட்டுவிடும். மிஞ்சுவது இரண்டு: காலை எட்டு முதல் பத்து வரை கிழக்குப் பக்கத்தால் வரும் சாய்வெயில், பதினொன்றுக்குப் பிறகு கூரையால் இறங்கும் வெக்கை. முதலாவதற்குக் கிடுகுத் தட்டியோ மூங்கில் தட்டியோ போதும். ஆனால் அதைச் சுருட்டி உயர்த்தக்கூடியதாகக் கட்டுங்கள். கடற்காற்று அதே பக்கத்தால்தான் வரவேண்டும். நிரந்தரமாக அடைத்தால் வெயிலோடு காற்றும் போய்விடும்.

வெள்ளைக் கூரைப் பூச்சு

கையில் இருக்கும் காசு ஒரு வேலைக்குத்தான் காணும் என்றால், அது இதுதான். புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு வெயிலில் 80 வீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். பழைய சீற் திருப்பி அனுப்புவது கால்வாசிதான். சீற்றின் அடிப்பக்க வெப்பம் பத்துப் பதினைந்து பாகை இறங்கும். அறைக் காற்று ஒன்று முதல் மூன்று பாகை குறையும். விளம்பரத் தாள்கள் ஏமாற்றுவது இந்த இடத்தில். "12 பாகை குறையும்" என்று அச்சடித்திருப்பது பொய்யாக இராது; அது சீற்றின் வெப்பம், அறையின் வெப்பம் இல்லை. விண்வெளித் தொழில்நுட்பம், பீங்கான் மணிகள் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். வேலையைச் செய்வது வெள்ளை நிறமும் படலத்தின் தடிப்பும்தான்.

தடிப்பில்தான் களவும் நடக்கிறது. நீட்சியுள்ள அக்ரிலிக் பூச்சு ஒரு பூச்சுக்குச் சதுர மீற்றருக்கு அரை லீற்றர் அளவில் போகவேண்டும். இரண்டு பூச்சு கட்டாயம். 60 சதுர மீற்றர் கூரை, சீற்றின் நெளிவால் 70 சதுர மீற்றராகும். இரண்டு பூச்சுக்கு 63 முதல் 70 லீற்றர். அதாவது 20 லீற்றர் வாளி மூன்றரை. "ஒரு வாளியில் முடிப்போம்" என்று சொல்பவர் சாதாரணக் கூரைப் பெயின்ற்றைத்தான் அடிக்கப்போகிறார், அல்லது தண்ணீர் கலக்கப்போகிறார். வாளியில் "லீற்றருக்குப் பத்துச் சதுர மீற்றர்" என்று எழுதியிருந்தால் அது வெள்ளைப் பெயின்ற் மட்டுமே. முதல் வருடம் குளிரும், இரண்டாம் வருடம் உரியும். வெறும் வாளிகளை வேலை முடியும்வரை எடுத்துப்போக விடாதீர்கள். எண்ணிப் பார்க்க அவை வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் கூரையில் துப்புரவு வேலைதான் ஆபத்தான கட்டம். உலர்ந்த சீற்றைக் கம்பி பிரஷால் உரசக்கூடாது, உயர் அழுத்தத் தண்ணீரும் அடிக்கக்கூடாது. இரண்டுமே நாரைக் கிளப்பும். அந்த நார் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. பிள்ளைகள் இல்லாத விடுமுறையில், சீற்றை நன்றாக நனைத்து, குளோரின் கரைசலைப் பாசியில் ஊற்றி இருபது நிமிடம் ஊறவிட்டு, மென்மையான பிரஷால் ஈரமாகவே தேய்த்து, சாதாரண ஹோஸால் கழுவவேண்டும். வேலை செய்பவருக்குத் துணி முகமூடி காணாது, முகத்தோடு இறுகப் பொருந்தும் துகள் வடிகட்டி வேண்டும். பீலியிலிருந்து மழைநீர்த் தாங்கிக்குப் போகும் குழாயை முதலில் கழற்றிவிடுங்கள். இது அடிக்கடி மறந்துபோகும் விசயம். சீற்றின்மேல் நேரே கால் வைக்கக்கூடாது. சீற்றைத் தாங்கும் சலாகைகளின்மேல் குறுக்காகப் பலகை போட்டு அதில்தான் நகரவேண்டும். பழைய சீற் ஆள்பாரம் தாங்காது, மேலே நின்று பார்த்தால் வெடிப்பும் தெரியாது.

வெடித்த சீற்றை மாற்றியபின், இரண்டு நாள் காயவிட்டு, அடிப்பூச்சு, பிறகு இரண்டு பூச்சு. காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் நிறுத்துவது நல்லது. சீற் சுட்ட பிறகு அடித்தால் மேல்தோல் உடனே காய்ந்து உள்ளே ஈரம் சிக்கி, கொப்புளமாக எழும்பும். கச்சான் நாளில் பத்து மணிக்குமேல் பறக்கும் புழுதி ஈரப் பூச்சில் ஒட்டினால் வெள்ளை அன்றைக்கே மங்கிவிடும். இரண்டாம் பூச்சு மறுநாள் காலை. காலத்தைப் பொறுத்தவரை ஓகஸ்ட் விடுமுறைதான் எங்கள் தெரிவு. ஏப்ரல் விடுமுறையில் பின்னேர இடிமழை வந்து புதுப் பூச்சைக் கழுவிவிடலாம். ஒக்ரோபருக்குப் பிறகு கூரைப்பக்கமே போகவேண்டாம்.

தகரக் கூரை என்றால் வேறு கணக்கு. பளபளக்கும் புதிய அலுமினியத் துத்தநாகத் தகடு வெயிலை நன்றாகத் திருப்பும், ஆனால் ஏறிய சூட்டை வெளியே விடாது; அதனால்தான் தொட்டால் கை பொத்துகிறது. வெள்ளைப் பூச்சு இங்கும் உதவும். முதலில் கறள் பிடித்த இடங்களைச் சுரண்டி, கறள் தடுப்பு அடிப்பூச்சு அடித்து, காய்ந்து வெடித்த ரப்பர் வொஷர்களை மாற்றவேண்டும். வொஷரை மாற்றாமல் மேலால் பூச்சு அடித்தால் ஒழுக்கு நிற்காது, பூச்சுமேல் பழி விழும். ஓட்டுக்கூரைக்கு இந்த வேலை வேண்டாம். ஓடு தன் இடுக்குகளால் மூச்சுவிடும். அதைப் பூச்சால் அடைப்பது இருக்கிற நன்மையையும் கெடுப்பது.

ஆயுள்? வெள்ளை வெள்ளையாக இருக்கும்வரைதான். வாடை மழையில் வடக்குச் சரிவில் பாசி திரும்பப் பிடிக்கும், மரநிழல் விழும் இடத்தில் இன்னும் வேகமாக. மாசியில் ஒருமுறை மெதுவாகக் கழுவினால் திருப்பும் வலு பெரும்பாலும் மீளும். இதை ஒப்பந்தத்தில் எழுத எந்த விற்பனைக்காரரும் விரும்புவதில்லை. அடுத்த வருடம் இன்னொரு பூச்சு விற்பது அவருக்கு இலாபம்.

வெள்ளி ரோல்: சிசலேஷன்

ஹாட்வெயார்க் கடைகளில் சிசலேஷன் என்றும் ஹீட் பேரியர் என்றும் சொல்லித் தருவது அலுமினியப் படலம். சில ரோலில் நுரை ஒட்டியிருக்கும். ஓட்டுக்கூரைக்கும் புதிதாகப் போடும் தகரக் கூரைக்கும் இதுதான் சரி. பழைய அஸ்பெஸ்டஸுக்கும் ஆகும், வெள்ளைப் பூச்சுக்கு அடுத்த இடத்தில்.

இதன் இரகசியம் இடைவெளி. படலம் வேலை செய்வதற்கு அதன் மினுங்கும் பக்கத்துக்கு முன்னால் ஓர் அங்குலமாவது காற்று இருக்கவேண்டும். சீற்றோடு ஒட்ட இறுக்கி அடித்தால் அலுமினியம் சூட்டைக் கடத்திக் கீழே அனுப்பும், வெறும் அழகுக்குத்தான் தொங்கும். சலாகைகளின் கீழ்ப்பக்கத்தில் அடித்தால் சலாகையின் உயரமே இடைவெளியாகிவிடும். அஸ்பெஸ்டஸில் துளையிடவும் தேவையில்லை. ஒரு பக்கம் மட்டும் மினுங்கும் ரோல் என்றால் மினுங்கும் பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் இரண்டு வருடத்தில் புழுதி மூடிவிடும், புழுதி மூடிய அலுமினியமும் சாக்கும் ஒன்றுதான். தாவாரத்திலும் முகட்டிலும் இரண்டங்குலத் திறப்பு விட்டு, அணிலும் வௌவாலும் நுழையாதபடி கம்பிவலை அடியுங்கள். ஒன்றோடொன்று 15 சென்ரிமீற்றர் மேலேறவேண்டும், பொருத்துக்கு அலுமினிய ரேப்.

அளவு: 1.2 மீற்றர் அகலம், 40 மீற்றர் நீள ரோல் கணக்கில் 48 சதுர மீற்றர். மேலேற்றம் போக 42தான் மிஞ்சும். நம் அறையின் சரிவுக்கு 52 வேண்டும். ஆக ஓர் அறைக்கு ஒரு ரோல் காணாது; இரண்டு அறைக்கு மூன்று ரோல் என்று எடுத்தால் வீண் குறையும்.

கடையில் இரண்டு சோதனை. ஒன்று, துண்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மங்கலாக ஒளி தெரிந்தால் அது படலம் இல்லை, பிளாஸ்ரிக்கில் தூவிய அலுமினியம். உப்புக்காற்றில் அது விரைவில் கறுத்து, இறுதியில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். உட்துறைமுகப் பக்கத்திலும் உப்புவெளி, நிலாவெளிக் கரையோரத்திலும் இந்த மலிவு ரோலைப் போடுவது காசைக் கடலில் போடுவது. கந்தளாய், தம்பலகாமம் பக்கம் என்றால் சற்றுத் தாங்கும். இரண்டு, நுரை ஒட்டிய ரோல் என்றால் ஒரு சிறு துண்டை வெளியே கொண்டுபோய்ப் பற்றவைத்துப் பாருங்கள். நெருப்பை எடுத்ததும் அணையவேண்டும். உருகிச் சொட்டிக்கொண்டே எரிந்தால் பிள்ளைகளின் தலைக்குமேல் அதைக் கட்டக்கூடாது.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. அலுமினியம் கரண்ட் கடத்தும். ஸ்ரேப்ளர் ஊசி வயரில் குத்தினால் முழுக் கூரைப் படலமும் உயிருள்ள வயராகிவிடும். வேலை தொடங்கமுன் மெயின் சுவிட்சை நிறுத்தி, வயர்களைக் குழாய்க்குள் போட்டு, படலத்திலிருந்து விலக்கியபின்தான் ஊசி அடிக்கவேண்டும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத கட்டடத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

நுரை ரோலின் இன்னொரு நன்மையை விற்பனைக்காரர்களே சொல்வதில்லை. தகரக் கூரையில் மாரிமழை அடிக்கும்போது ஆசிரியரின் குரல் மூன்றாவது வாங்குக்குக் கேட்காது. 10 மில்லிமீற்றர் நுரை அந்தச் சத்தத்தைக் குறைக்கும், வெறும் படலம் குறைக்காது. புதுத் தகரக் கூரை போடுகிறவர்கள் இதற்காகவே நுரை ரோலை எடுக்கலாம்.

ஐ பனல் என்னும் பிளாஸ்ரிக் பலகைச் சீலிங் பற்றியும் கேட்கிறார்கள். கதிர்வீச்சை அது மறைக்கும், உண்மைதான். ஆனால் மேலே அடைபட்ட வெளியில் திறப்பு இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் அது போறணையாகிவிடும், பிறகு சீலிங்கே சுடும். எலிக்கும் வௌவாலுக்கும் மாடிவீடு கட்டிக்கொடுத்ததாகவும் ஆகும்.

ஃபேன்: எது, எத்தனை, எங்கே

ஃபேன் குளிரை உண்டாக்காது. இருக்கும் காற்றை உடம்பில் தள்ளும், வியர்வையை உலர்த்தும். செக்கனுக்கு 0.8 மீற்றர் வேகத்தில் காற்று பட்டால் உடம்புக்கு மூன்று பாகை வரை குறைந்ததுபோல் இருக்கும். கூரையைச் சரிசெய்யாமல் ஃபேன் மட்டும் கூட்டினால், சீற்றுக்குக் கீழே தேங்கி நிற்கும் சூட்டுக் காற்றையே கீழே இறக்கிப் பிள்ளைகளின் தலையில் ஊற்றும். "ஃபேன் போட்டால் இன்னும் வெக்கையாக இருக்கிறது" என்று ஆசிரியர்கள் சொல்வது கற்பனை இல்லை.

25க்கு 20 அடி அறையில் 56 அங்குல ஃபேன் இரண்டா, 48 அங்குல ஃபேன் நான்கா? நான்கு. இரண்டு பெரிய ஃபேனும் நடுவில் இருப்பவர்களுக்கு நன்றாக வீசும். மூலை வாங்குகளுக்கு எட்டாது. அறையை நான்காகப் பிரித்து ஒவ்வொரு கால்பகுதியின் நடுவில் ஒன்று: நீளப் பக்கச் சுவரிலிருந்து 5 அடி, முன்பின் சுவர்களிலிருந்து ஆறேகால் அடி. இறக்கை நிலத்திலிருந்து எட்டடிக்குக் கீழே வரக்கூடாது, ஒன்பதுக்கு மேலே போவதிலும் பயனில்லை. சீலிங் இருந்தால் அதற்கும் இறக்கைக்கும் இடையில் ஓரடி வேண்டும். நெருக்கி மாட்டினால் ஃபேன் காற்றை எடுக்க வழியில்லாமல் சத்தம் மட்டும் போடும். ரியூப் லைற்றை இறக்கைக்கு மேலே மாட்டாதீர்கள். நிழல் வெட்டி வெட்டி விழுவது கொப்பியில் எழுதும் பிள்ளைக்குத் தலையிடி.

பெட்டியில் பார்க்கவேண்டிய எண் நிமிடத்துக்கு எத்தனை கன மீற்றர் காற்று என்பது. 48 அங்குலத்துக்கு 210க்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். தங்க நிறக் கரையும் பூ வேலைப்பாடும் காற்றுத் தராது.

சாதாரண மோட்டரா, கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத) மோட்டரா என்பதுதான் இப்போது கடையில் பெரிய கேள்வி. கணக்கு இது: 75 வாட் சாதாரண ஃபேன் நான்கு, நாளுக்கு ஆறு மணித்தியாலம், மாதம் 20 நாள் ஓடினால் 36 யூனிற். 32 வாட் பி.எல்.டி.சி. நான்கு அதே நேரம் ஓடினால் 15 யூனிற் சொச்சம். இருபது அறைப் பள்ளிக்கூடத்தில் மாதம் 400 யூனிற்றுக்கு மேல் மிச்சம். கேட்க நல்லதுதான். ஆனால் மூன்று பொறி உண்டு. முதலாவது, பி.எல்.டி.சி. ஃபேனைப் பழைய ரெகுலேற்றரோடு இணைக்கக்கூடாது. ரெகுலேற்றரைக் கழற்றி நேரடிக் கரண்ட் கொடுக்கவேண்டும். இதைச் செய்யாமல் ஃபேனின் எலக்ட்ரோனிக் போர்ட் எரிந்தால் உத்தரவாதமும் எரிந்துவிடும். இரண்டாவது, ரிமோற். வகுப்பறையில் ரிமோற் ஒரு தவணைகூடத் தங்காது. சுவர் சுவிட்சை நிறுத்திப் போட்டால் வேகம் மாறும் வகையைக் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, உள்ளே இருக்கும் எலக்ட்ரோனிக் போர்ட். ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் இடி இறங்கும்போது முதலில் போவது அதுதான். மெயின் போர்டில் மின்னெழுச்சித் தடுப்பான் இல்லாத பள்ளிக்கூடம் சாதாரண மோட்டரோடு நிற்பது புத்தி. போர்ட் திருகோணமலையிலேயே கிடைக்குமா, கொழும்புக்கு அனுப்பவேண்டுமா என்று வாங்கமுன் கேளுங்கள். ஒரு தவணை முழுக்க அசையாமல் நிற்கும் ஃபேன் யூனிற்றை மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை.

சாதாரண மோட்டரின் நோய் வேறு. மூன்று வருடத்தில் வேகம் குறைந்தால் எல்லோரும் "காயில் போச்சு" என்பார்கள். பெரும்பாலும் போனது கப்பாசிற்றர். 2.5 மைக்ரோஃபரட் என்று எழுதியிருப்பதை மீற்றரில் அளந்து 2க்குக் கீழே காட்டினால் மாற்றுங்கள். மலிவான சாமான், பத்து நிமிட வேலை. உறுமல் வந்தால் பழுது பெயரிங்கில். சோக்குத்தூள் இறக்கையின் முன்விளிம்பில் கட்டியாகப் படியும். தவணைக்கு ஒருமுறை நான்கு ஃபேனையும் ஈரத்துணியால் துடைக்காவிட்டால் ஆட்டம் தொடங்கும்.

ஆட்டத்தோடு உப்புக்காற்றும் சேர்ந்தால்தான் பயம். ஃபேன் தொங்கும் ரொட்டை மேலே பிடிக்கும் போல்ற்றும் அதைப் பூட்டும் கொட்டர் பின்னும் சாதாரண இரும்பு. கரையோரப் பள்ளிக்கூடங்களில் அவை வெளியே தெரியாமல் கறள் பிடித்து மெலியும், மேலே மூடியிருக்கும் பிளாஸ்ரிக் கிண்ணம் அதை மறைத்துவிடும். வாங்கும்போதே அவற்றைக் கறளேறாத உருக்கில் மாற்றி, ஃபேன் உடலுக்கும் கூரைக் குழாய்க்கும் இடையில் தனியாக ஒரு உருக்குக் கம்பிவடம் கட்டுங்கள். வருடத்தில் ஒருமுறை கிண்ணத்தை இறக்கிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

கச்சான் உச்சத்தில் இருக்கும் நாட்களில் வெளிக்காற்றே 35 பாகையைத் தாண்டும். அப்போது ஃபேன் உடம்பின் சூட்டை எடுப்பது வியர்வையால் மட்டுமே. காற்று உலர்வானது என்பதால் அது வேலை செய்யும், பிள்ளை தண்ணீர் குடித்திருந்தால். அந்த நாட்களில் இடைவேளைக்கு முன்னும் பின்னும் தண்ணீர் குடிக்க நேரம் விடுவது ஐந்தாவது ஃபேனைவிடப் பயன்.

மற்றவை

சூட்டுக் காற்றை வெளியே இழுக்கக் கூரையில் சுழலும் காற்றாலைக் குடம் மூடிய களஞ்சியத்துக்கு நல்லது. இரண்டு பக்கமும் திறந்த அரைச்சுவர் அறையில் அதற்கு வேலையே இல்லை. உப்பில் பெயரிங் இறுகும், துளையைச் சுற்றி ஒழுகும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் கரையேறியது திருகோணமலை நகருக்கு வடக்கே அருகில்தான். கூரையில் எழும்பி நிற்கும் எதையும் கூட்டமுன் அதை நினைக்கவேண்டும்.

கூரைமேல் தண்ணீர் தெளிக்கும் குழாய், கச்சான் காலத்தில் அற்புதமாகக் குளிர்த்தும். அதே காலத்தில்தான் கிணறும் வற்றுகிறது. கரையோரக் கிணற்று உவர் தண்ணீர் தகரத்தைத் தின்றுவிடும்.

ஏசிக்கு ஒரு கணக்கு மட்டும். அமர்ந்திருக்கும் பெரிய வகுப்புப் பிள்ளை ஏறக்குறைய 100 வாட் சூடு விடும். 40 பேர் 4 கிலோவாட். 12,000 பி.ரி.யு. (ஏசியின் குளிர்த்தும் வலுவைச் சொல்லும் அளவு) இயந்திரம் எடுக்கக்கூடியது மூன்றரை கிலோவாட். அதாவது வெயிலே இல்லாவிட்டாலும் பிள்ளைகளின் சூட்டுக்கே அது காணாது. கூரையோடு சேர்த்தால் 24,000 இரண்டு வேண்டும், அரைச்சுவரை மேலேவரை அடைக்கவும் வேண்டும். அடைத்தபின் 40 பேரின் மூச்சில் காபனீரொட்சைட்டு கால் மணித்தியாலத்துக்குள் 1000 பி.பி.எம்.மை (காற்றின் பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கை) தாண்டும், பின்வாங்குகள் கொட்டாவி விடத் தொடங்கும். கணினி அறைக்குப் போடுங்கள், இயந்திரங்களுக்காக. வெளி அலகின் செதில்களுக்கு நீலப் பாதுகாப்புப் பூச்சு இருக்கவேண்டும், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவவேண்டும்.

மரத்துக்கு நேரம் பிடிக்கும், ஆனால் வேம்பும் புங்கையும் இந்த மண்ணில் தாங்களாகவே பிடித்துக்கொள்ளும். தென்மேற்கு மூலையில் வைத்தால் கச்சான் நேரே அறைக்குள் வராது. தென்னையைக் கூரைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரு குரும்பை போதும் சீற்றை வெடிக்கவைக்க.

கூலி கொடுக்கும் விதம் பற்றி ஒன்று. கூரைப் பூச்சுக்கும் சிசலேஷனுக்கும் மொத்தத் தொகையில் பத்தில் ஒன்றைப் பிடித்துவைத்து, மார்கழி மழை கழிந்தபின் கொடுப்பதாக எழுதி வாங்குங்கள். ஓகஸ்டில் எல்லாப் பூச்சும் வெள்ளையாகத்தான் இருக்கும். பிடித்த காசைக் கேட்டு தை மாதத்தில் மேசன் வரும்போது ஏணியோடு வரட்டும். முகடும், ஆணித்தலைகளும், பீலி ஓரமும் அவர் முன்னாலேயே பார்த்துவிடலாம்.